அறுபதுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

"காலையில மொத பஸ் போன நேரம் டீச்சர்" என்று, பிறந்த நேரம் கேட்டதற்கு யாராவது சொன்னால் டீச்சர் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

"எந்த பஸ்? ராஜபாளையம் போறதா, திருநெல்வேலி போறதா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? பஸ் சத்தம் கேட்டுச்சு, புள்ள அழுதுச்சு."

"சத்தம் மேக்க இருந்து வந்துச்சா, கெழக்க இருந்தா?"

வந்தவர் கண்ணை மூடிக்கொள்வார். இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு விடியற்காலை அவர் முகத்தில் வந்து நிற்கும். "மேக்க இருந்துதான்" என்பார் கடைசியில், தனக்கே அது தெரிந்திருந்ததில் ஆச்சரியப்பட்டு. டீச்சர் பேனாவைத் திறந்து பெரிய நோட்டில் பெயர், ஊர், மணி, நிமிஷம் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுவார். எந்தக் கட்டத்திலும் வெறும் எண்ணை மட்டும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. எண்ணுக்கு முன்னால் அது எதன் எண் என்று இருக்க வேண்டும்.

சங்கரன்கோவிலில் ரத வீதியை ஒட்டிய சந்தில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று பலகை மாட்டிக் கடை வைத்திருந்தவன் நான். எண்பதுகளின் கடைசி. அந்தக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதித் தந்தவர் அவர். டீச்சர் வேலை அவர் பார்த்ததே இல்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊர் திரும்பிவிட்டார். படித்த பெண் என்றால் டீச்சர் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அவர் என்னை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் வயது இருபத்தேழு. அந்த அண்ணாச்சியில் அண்ணன் கிடையாது, கடைக்காரர்தான் இருந்தார்.

நிரல் சி மொழியில் இருந்தது. எனக்கு அதில் ஒரு வரி புரியாது. ஆனாலும் மத்தியான நேரங்களில் அவர் வேலை செய்வதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் வராமல் பச்சைத் திரைச்சீலை தொங்கும். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடும், கொஞ்ச நேரத்தில் காது அதை விட்டுவிடும். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்துகள் கீழிருந்து மேலே ஊர்ந்து போகும். பாதித் தூக்கத்தில் பார்த்தால் கோள்களே அப்படிப் போவது போலிருக்கும்.

முதலில் வெறும் எண்களாகத்தான் வந்தன. "இதுல எது சந்திரன் டீச்சர்?" என்று கேட்டேன்.

"பாத்தீங்களா, நீங்களே கேக்கீக" என்று சிரித்தவர், நிரலின் உச்சிக்குப் போய் ஒரு வரி எழுதினார். அதற்கு 'காட்டு' என்று பெயர் வைத்தார்.

"நம்ம எழுதுனதக் கம்ப்யூட்டர் வாசிக்கதுக்கு முந்தி இன்னொருத்தன் ஒரு தடவ வாசிப்பான் அண்ணாச்சி. அவனுக்குக் கணக்குத் தெரியாது, எழுத்து மட்டுந்தான் தெரியும். நான் எங்கெல்லாம் காட்டுன்னு எழுதியிருக்கேனோ அங்கெல்லாம் இந்த நீள வரிய அவனே எழுதி வச்சிட்டுப் போயிருவான். அடைப்புக்குள்ள சந்திரன்னு போட்டா, சந்திரன்ங்கிற பேரும் வரும், அது எங்க நிக்குங்கிறதும் வரும்."

"பேரு எப்படி வரும்?"

"இந்தக் குறிக்குத்தான்." குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடுகள் போட்ட ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். "இதப் போட்டா அவன் மதிப்பத் தேடிப் போகமாட்டான். பேர எழுத்தெழுத்தா அப்படியே எடுத்துக்கிடுவான்."

அதன் பிறகு திரையில் எண்கள் தனியாக வரவில்லை. சூரியன் இவ்வளவு, சந்திரன் இவ்வளவு, லக்னம் இவ்வளவு என்று ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. எந்த இடத்தில் கணக்கு பிசகினாலும், பிசகியது யார் என்று உடனே தெரிந்தது. வேலை முடிந்ததும் உச்சியில் அந்த ஒரே வரியை மாற்றினால் போதும், எல்லாக் காட்டுகளும் வாயை மூடிக்கொள்ளும். வேண்டும்போது மறுபடி பேச வைக்கலாம்.

ஆடித் தபசுக்குக் கடையைத் திறந்துவிட வேண்டும் என்று நான் பறந்தேன். ஊரே நிரம்பி வழிகிற திருவிழா நாள் அது. முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் சொன்னார்: "ரெண்டு வரி பாக்கி இருக்கு அண்ணாச்சி. அதுக்கும் காட்டு போட்டுப் பாத்துருதேன்."

"அது என்ன வரி?"

"நிமிஷத்த அறுபதால வகுத்து மணியோட சேக்கது."

"அதுல என்ன டீச்சர் தப்பு வரப்போவுது? வாய மூடச் சொல்லுங்க எல்லாத்தையும். அச்சடிச்சுப் பாக்கணும்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு உச்சிக்குப் போய் அந்த வரியை மாற்றினார்.

அவர் வீட்டுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், டிஸ்க் ஒன்று வாங்க. அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையால் உட்காரச் சொன்னார். பிறகு மகளைப் பார்த்து, "சாவி குடு, சாவி" என்றார். டீச்சர் உள்ளே போய் டம்ளரோடு வந்தார். "தண்ணிப்பா. அரை டம்ளர்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். அவர் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் கை காட்டி, "ஆட்ட மூடு" என்றார். "ஜன்னல்ப்பா. ஒரு கதவு மட்டும் சாத்துதேன்" என்று சாத்தினார்.

வாசல் வரை வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "உள்ள எல்லாம் அப்படியே இருக்கு அண்ணாச்சி. என்ன வேணும், எவ்வளவு வேணும், எல்லாம் தெரியுது. பேருதான் ஒட்டாம வருது."

"நீங்க திருத்தலியே?"

"திருத்துனா அழுதுருதாக. அதான் பேரையும் சேத்துக் குடுத்துருதேன். என்னிக்காவது ஒண்ணு ஒட்டிக்கிடும்."

கடை நன்றாக ஓடியது. மாசி மாதம் ராயகிரியிலிருந்து ஒருவர் இரட்டைப் பையன்களுக்கு ஜாதகம் எடுக்க வந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்தார். மூத்தவன் பத்து மணி ஐந்து நிமிஷம், இளையவன் பத்து மணி நாற்பது. அச்சடித்த இரண்டு தாள்களையும் கையில் வாங்கி ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே மாதிரி இருந்தன, கடைசிப் புள்ளி வரைக்கும்.

"ரெட்டைன்னா ரெட்டைதான்" என்று அவருக்குப் பெரிய சந்தோஷம். டீச்சர் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இத நாளைக்குத் தாரேன் ஐயா. இன்னொருக்க பாக்கணும்."

"நல்லாத்தான இருக்கு?"

"முப்பத்தஞ்சு நிமிஷத்துல லக்னம் நவுந்திருக்கணும். இது அசையவே இல்ல."

ராயகிரிக்காரர் போனதும் டீச்சர் நிரலின் உச்சிக்குப் போய்க் காட்டுகளைப் பேச வைத்தார். விட்டுப்போன அந்த இரண்டு வரிகளுக்கும் ஒவ்வொன்று எழுதினார். மத்தியானம். திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. மஞ்சள் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. மணி, பத்து. நிமிஷம், நாற்பது. நிமிஷப்பங்கு, பூஜ்யம்.

நான் எட்டிப் பார்த்தேன். "என்ன டீச்சர்?"

"முழு எண்ண முழு எண்ணால வகுத்தா இந்த மொழி மிச்சத்தத் தூரப் போட்டுரும். அறுபதுன்னு எழுதிட்டேன். அறுபதுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருக்கணும்." பெரிய நோட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "எல்லாருடைய நிமிஷத்தையும் தொலைச்சுட்டேன் அண்ணாச்சி."

தொலைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்த ஆடித் தபசு பற்றி அன்றைக்கும் அவர் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

முன்பே பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கொஞ்சம் வித்தியாசம் தெரிந்ததாம். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைத்துவிட்டாராம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிமிஷமே தெரியாது, முழு மணியாகத்தான் சொல்வார்கள். அதனால் தப்பு இத்தனை மாதம் ஒளிந்திருந்தது. நோட்டில் நானூறுக்கு மேல் பெயர்கள். அத்தனையையும் புள்ளி வைத்த நிரலில் மறுபடி ஓட்டினார். பத்து நாள் ஆனது. அநேகம் பேருக்குச் சின்ன நகர்தல்தான். நட்சத்திரமே மாறிப்போனவர்கள் ஏழு பேர்.

"இந்த ஏழு பேரையும் நேர்ல பாத்துச் சொல்லணும்" என்றார்.

"நாம போய் நின்னா கடை இருக்காது டீச்சர்."

"இருக்காதுதான்."

"யாருக்குத் தெரியப் போவுது? இனிமே சரியாக் குடுப்போம். போனது போச்சு."

"போனதுன்னு எதச் சொல்லுதீக?" கோபமில்லாமல் கேட்டார். நோட்டைத் திறந்து வாசித்தார். "பனவடலிசத்திரம். வயசு பத்தொம்பது. மூலம்னு குடுத்தோம். பூராடம். இதப் போனதுன்னு சொல்லுவீகளா?"

மூல நட்சத்திரத்துப் பெண் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை அவர் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். கொஞ்ச நேரம் கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பிறகு பூட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஏறிக்கொண்டேன். அவர் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டார்.

பனவடலிசத்திரத்தில் அந்தப் பெண்ணின் தகப்பனார் வேப்பமரத்தடியில் பருத்தி பிரித்துக்கொண்டிருந்தார். ஆட்டுக் கிடையும் கொஞ்சம் மானாவாரி நிலமும் உள்ளவர். டீச்சர் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க பொண்ணுக்கு மூலம்னு எழுதிக் குடுத்தது தப்பு. பூராடம். தப்பு என்னோடது."

அவர் பருத்தியைக் கீழே வைத்தார். "பேசி முடிச்ச எடம்மா அது. பூ வைக்க நாள் குறிச்சாச்சு. நீங்க குடுத்த தாளப் பாத்துட்டுத்தான வேண்டாம்னு போனாக."

"தெரியும்."

"தெரியுமா? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னீகளே வே!" இது எனக்கு. அப்படிச் சொன்னது நான்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். பத்தாவது வரை படித்தவள். "எந்த எடத்துல தப்பு?" என்று கேட்டாள். டீச்சர் பையிலிருந்து அந்த மஞ்சள் எழுத்து வரிகளின் அச்சை எடுத்துக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழை அவள் விரல் வைத்துக் கூட்டி வாசித்தாள். நிமிஷம், ஐம்பது. நிமிஷப்பங்கு, பூஜ்யம்.

"என் அம்பது நிமிஷத்தத் தின்னுட்டுது" என்றாள்.

"ஆமா."

அவள் அச்சைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு செம்பில் மோர் கொண்டுவந்தாள். தகப்பனார் எங்களைப் பார்க்கவே இல்லை. ஆனால் புதிய தாளை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

வாசுதேவநல்லூரில் நிலைமை நேர் எதிர். பூசம் என்று நாங்கள் கொடுத்த தாளை வைத்துக் கல்யாணம் முடிந்து, அந்தப் பெண் மாமியார் வீட்டில் இருந்தாள். உண்மையில் அவள் ஆயில்யம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நான் கெஞ்சினேன். "இத மட்டும் விட்டுருங்க டீச்சர். நல்லா இருக்கிற புள்ள."

"அவளோடது அது. நம்ம கையில இருக்கக் கூடாது" என்றார். "அவளுக்கு மட்டும் சொல்லுதேன்."

தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனோம். மாமியார் சிரித்த முகத்துக்காரி, முறுக்கு எடுத்து வைத்தாள். பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. குளத்தங்கரை வரை நடந்துவிட்டு வருகிறோம் என்று டீச்சர் அவளை அழைத்துப் போனார், நான் பத்தடி பின்னால் நடந்தேன். மேற்கே மலை நீலமாகக் கலங்கிக் கிடந்தது. தண்ணீரில் மேகங்கள் அசையாமல் நின்றன. டீச்சர் தாளை நீட்டுவதைப் பார்த்தேன். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"ஆயில்யம்னு. பொறந்தப்பவே எங்கூரு ஜோசியர் எழுதிட்டாரு. எங்கம்மாதான் அத எரிச்சுப்புட்டு, கம்ப்யூட்டர்ல வேற மாதிரி வந்தாலும் வரும்னு உங்க கடைக்குக் கூட்டிட்டு வந்தா. வந்துச்சு." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எங்க அத்தைக்குக் கல்லுக் குண்டாட்டம் இருக்கு ஒடம்பு. நான் வந்த பெறவு மூட்டுவலிகூட இல்ல."

தாளை நான்காகக் கிழித்துக் குளத்தில் போட்டாள். துண்டுகள் நனைந்து மெதுவாக அமிழ்ந்தன. திரும்பும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்தபோது அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

மற்ற நான்கு வீடுகளுக்கும் போனோம். ஒரு வீட்டில் ஆள் இறந்திருந்தார். ஒரு வீட்டில் புதிய தாளைப் பழைய தாளுக்கு மேலேயே ஒட்டி வைத்துக்கொண்டார்கள். ஏழாவது தாள் மிச்சம் இருந்தது.

அது என்னுடையது. எங்கள் வீட்டில் ஜாதகம் எழுதும் வழக்கமில்லை, நான் பிறந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டுதான் உண்டு. கடை திறந்த புதிதில் அந்த இயந்திரத்தில்தான் என் ஜாதகத்தை முதலில் பார்த்தேன். டீச்சர் அதை என் கையில் கொடுத்து, "நீங்களும் ஒரு நட்சத்திரம் நவுந்திருக்கீக அண்ணாச்சி. அனுஷம் இல்ல, கேட்டை" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடை திறந்த அடுத்த மாதமே, டீச்சர் இல்லாத ஒரு மத்தியானம், சோதனைக்காக அவர் போட்டு வைத்திருந்த அவருடைய ஜாதகத்தையும் என்னுடையதையும் சேர்த்துப் பொருத்தம் பார்த்திருந்தேன். ரஜ்ஜு தட்டியது. தாலி நிலைக்காது என்று அர்த்தம். அதோடு அந்த எண்ணத்தை மடித்து வைத்துவிட்டேன். இப்போது கேட்டை என்று தெரிந்ததும், அவர் அப்பாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் மறுபடி பார்த்தேன். ரஜ்ஜு சரியாக இருந்தது. அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தகுந்த நாள் பார்த்துப் பேசுவது என்று மூன்று வாரம் அந்தத் தாளோடு திரிந்தேன்.

சித்திரை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, இன்று பேசிவிடுவது என்று இருந்தேன். பதினோரு மணி வாக்கில் பனவடலிசத்திரத்துப் பெண் தனியாகக் கடைக்கு வந்தாள்.

"அந்த மாப்பிள்ள வீட்டுக்காரக மறுபடி வந்தாக டீச்சர். எங்கய்யா புதுத் தாளக் கொண்டுபோய்க் காட்டியிருக்காக. பூராடந்தானா, அப்பம் கொறையொண்ணும் இல்லன்னு சொல்லிட்டாக."

"நல்லதுதான?" என்றார் டீச்சர்.

"நான் மாட்டேன்னுட்டேன். வீட்ல ஒரே சண்ட." இரண்டு தாள்களையும், பழையதையும் புதியதையும், மேஜையில் வைத்தாள். "ஒரு தாளு சொல்லிட்டுதுன்னு போனவரு, இன்னொரு தாளு சொல்லிட்டுதுன்னு வாராரு. நாளைக்கு மூணாவதா ஒண்ணு வந்தா என்ன செய்வாரு? இத நீங்களே வச்சுக்கிடுங்க."

அவள் போய்விட்டாள். டீச்சர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்படிக் கேட்டா பாத்தீகளா அண்ணாச்சி" என்றார். எனக்குச் சட்டைப் பை சுட்டது. அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

ஆனி மாதம் அவர் அப்பா இறந்தார். பெங்களூரில் வேலை கிடைத்தது. போகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நம்ம ரெண்டு பேரு ஜாதகத்தையும் பொருத்தம் பாத்தது டிஸ்க்ல இருக்கு. ரெண்டு தடவ. எந்தத் தேதியில பாத்ததுன்னு அதுல விழுந்திரும். ஆகஸ்ட்ல ஒண்ணு. மார்ச்சுல ஒண்ணு." அவர் குரலில் குத்தலே இல்லை, நோட்டிலிருந்து வாசிப்பது போலச் சொன்னார். "நடுவுல ஏழு மாசம். தெனமும் நான் உங்களுக்கு எதிர்ல உக்காந்திருந்தேன்."

டிரைவர் ஏறினார்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆனா பொருத்தம் பாக்க விட்டிருக்க மாட்டேன்" என்றவர், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களின் மேல் ஒரு நொடி கையை வைத்தார். "வாரேன்" என்றார். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

பஸ் ராஜபாளையம் ரோட்டில் திரும்பி மறைந்தது. கடைக்குத் திரும்பி வந்தேன். கரண்ட் இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்காராமல் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். தறிகளும் நின்றிருந்ததால் தெரு அப்படியொரு அமைதியாக இருந்தது. வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் தானாக உயிர் பெற்று, கறுப்புத் திரையில் ஒரு மஞ்சள் வரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. இன்றைய தேதி என்ன என்று கேட்டது. தினமும் அவர்தான் அதற்குப் பதில் அடிப்பார். நான் விசைப்பலகையைத் தொடாமல் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.